படப்புக்குள் ஒரு மூக்கு

போன வாரம் தூத்துக்குடிப் பக்கம் ஆத்தூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பார்த்தேன்... அறுத்த வயலில் டிராக்டருக்குப் பின்னால் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கிடக்கிற வைக்கோலையெல்லாம் வாரிச் சுருட்டி, உருண்டை உருண்டையாகக் கட்டி வெளியே தள்ளுகிறது.

காரை ஓரங்கட்டச் சொல்லி இறங்கிவிட்டேன். டிராக்டர் ஓட்டிய தம்பிக்கு ஒரே பெருமை. ஒரு கட்டைத் தட்டிக் காட்டினார்.

"அமுக்கிப் பாருங்க சார். உள்ள காத்துகூடப் போவாது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காற்று என்ன காற்று... வைக்கோலுக்குள் ஓர் ஆளே நின்ற கதை எனக்குத் தெரியும். அந்த ஆள் அடியேன்தான்.

எழுபதுகளில் நடந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. பி.யூ.சி.யில் கணக்கில் கோட்டைவிட்டு, அடுத்த பரீட்சை வரும்வரை ஆத்தூர் வயல்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் ஜோடி மிக்கேல். ஆலந்தலைக்காரன். மீன்பிடிக்கிற குடும்பம். ஆனால் இவனுக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி! பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அப்பா, "நீ கரையிலயே பொழச்சுக்கோ" என்று அறுப்பு வேலைக்கு அனுப்பிவிட்டார்.

மாடு கட்டிச் சூடடித்து நெல்லை உதிர்த்து முடித்த வைக்கோலைக் கட்டிச் சுமந்து வந்து படப்பு போடுவதுதான் எங்கள் வேலை. வைக்கோல் போரை எங்கள் பக்கம் படப்பு என்போம். ஒருவன் கீழே நின்று எறிய, ஒருவன் மேலே நின்று மிதிக்க வேண்டும். கழுத்து, அக்குள், காது என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் அரிக்கும். சாயங்காலம் வாய்க்காலில் விழுந்து எழுந்தால்தான் மனுஷனாவோம். ஆனால் ஒன்று – அந்த அரிப்போடு குடித்த கருப்பட்டிக் காப்பியின் ருசி, பிறகு எந்த ஓட்டலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. எங்களுக்கு வேலை கொடுத்த பால்பாண்டி அண்ணாச்சிக்குப் பாதி வயல் கருகிப் போனது. வழக்கமாக வீட்டுக் கூரையை மறைத்து நிற்கும் படப்பு, அந்த முறை என் இடுப்புக்கு மேல் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் மகள் செல்லக்கனியைப் பெண் பார்க்க வருகிறோம் என்று நாசரேத் பக்கத்திலிருந்து ஆள் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் கிளார்க் உத்தியோகம்.

படப்புக்கும் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிற பெரியவர்கள் முதலில் பெண்ணைப் பார்க்கமாட்டார்கள். "மாடு எங்கன கெட்டியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே தொழுவத்துப் பக்கம் போய்ப் படப்பைத்தான் பார்ப்பார்கள். படப்பு உயரமாக இருந்தால் வயல் இருக்கிறது, நெல் இருக்கிறது, கும்பி காயாது என்று கணக்கு. அதற்கு முன் வந்த ஒரு கூட்டம் இடுப்பளவுப் படப்பைப் பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனதோடு சரி.

இந்தத் தடவை செல்லக்கனி அக்கா விடுவதாக இல்லை. ஒரு கல்யாண வீட்டில் அந்த கிளார்க்கை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். பிடித்துவிட்டது. என்னிடமே வந்து சொன்னாள்.

"ஏலே, எனக்கு இவுக வேணும். என்ன செய்வியளோ தெரியாது. படப்பு ஒசரணும்."

அண்ணாச்சியும் எங்களைக் கூப்பிட்டார். "இருக்கத வச்சு ரெட்டிப்பாக் காட்டணும். முடியுமாலே?"

நான் தலையைச் சொறிந்தேன். மிக்கேல் சொறியவில்லை.

"முடியும் அண்ணாச்சி. உள்ள எதுக்கு வைக்கோலு?"

மேதை என்றால் அவன்தான் மேதை! வெற்றிலைக் கொடிக்காலில் கிடந்த அகத்திக் கம்புகளை நட்டுக் கூடு கட்டினான். ஆலந்தலைக்கு ஓடிப்போய் அப்பாவின் பழைய பெரிய கண்ணி வலையைத் தூக்கி வந்து மேலே விரித்தான். அதற்கு மேல் வைக்கோலைப் பரப்பினோம். முகடு கூரையைத் தொட்டது. செல்லக்கனி அக்கா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். எங்கள் இருவருக்கும் அன்று காப்பியோடு முறுக்கும் கிடைத்தது.

மறுநாள் காலையில் பார்த்தால், படப்பு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறது. வைக்கோல் பாரத்தில் வலை தொய்ந்துவிட்டது.

"ஏலே, நீதான் ஒல்லி. உள்ள போயி முட்டுக் குடு" என்றான் மிக்கேல்.

ஒரு கம்போடு உள்ளே நுழைந்தேன். கம்பு போதவில்லை. முதுகையும் கொடுத்தேன். படப்பு நிமிர்ந்தது. சரி, இன்னொரு கம்பு கொண்டுவா என்று சொல்ல வாயெடுக்கிறேன்... வாசலில் கார் ஹாரன்!

மிக்கேல் அவசரமாக நான் நுழைந்த ஓட்டையை வைக்கோலால் அடைத்துவிட்டு மறைந்தான். நான் உள்ளே. இருட்டு, வேக்காடு, அரிப்பு. வலையிலிருந்து கருவாட்டு வாசம் வேறு. அந்த வாசத்துக்கு ஊர்ப் பூனையெல்லாம் படப்பைச் சுற்றிக் கூடிவிட்டது என்பது எனக்கு மாப்பிள்ளையின் அப்பா குரலைக் கேட்டுத்தான் தெரியும்.

"என்ன அண்ணாச்சி, படப்பச் சுத்தி இம்புட்டுப் பூன?"

"எலித் தொல்ல அண்ணாச்சி. நெல்லு சாஸ்திலா..." என்றார் பால்பாண்டி அண்ணாச்சி. கூசாமல்!

வலை, கம்பு, ஆள் என்று எல்லாம் யோசித்த நாங்கள் ஒன்றை மறந்திருந்தோம். விவரமான சம்சாரி – விவசாயியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம் – வெளி வைக்கோலைப் பார்த்து ஏமாறமாட்டான். கையை உள்ளே விட்டு ஒரு பிடி உருவி, மோந்து பார்ப்பான். உள்ளே மக்கியிருக்கிறதா என்று தெரிய வேண்டாமா?

கை வந்தது. வாட்ச் கட்டிய கை. வலைக் கண்ணுக்குள் நுழைந்து தோள்வரை நீண்டு, வெறும் காற்றில் துழாவியது. துழாவித் துழாவிக் கடைசியில் என் மூக்கைப் பிடித்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு மெதுவாக என் காதைத் தொட்டுப் பார்த்தது. நான் திருச்செந்தூர் முருகனையும் கூப்பிட்டேன், மிக்கேல் வீட்டு மாதாவையும் கூப்பிட்டேன். தும்மல் வேறு முட்டிக்கொண்டு வருகிறது. எனக்கு அடி விழுமே என்று பயப்படவில்லை. ஓர் அக்காவின் வாழ்க்கை என் மூக்கு நுனியில் நிற்கிறதே என்றுதான் பயந்தேன். நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தக் கை என் கன்னத்தை இரண்டு தட்டுத் தட்டியது. கொஞ்சம் வைக்கோலை உருவிக்கொண்டு வெளியே போனது.

"நல்லாக் காஞ்சிருக்கு. உள்ளயும் நெறஞ்சுதான் இருக்கு, அண்ணாச்சி. வாங்க, பொண்ணப் பாப்போம்."

அரைமணி நேரத்தில் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் மிக்கேல் என்னை வெளியே இழுத்தான். கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். கையைக் காலை உதறிக்கொண்டிருக்கும்போதே வாசலிலிருந்து சத்தம் – "ஏலே, ரெண்டு பேரு வாங்க! காரு கெளம்ப மாட்டேங்கு!"

போனோம். பழைய பிளஷர் கார். மிக்கேல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தள்ளக் குனிந்தால், எனக்குப் பக்கத்தில் வாட்ச் கட்டிய கை! மாப்பிள்ளையின் அப்பாவே இறங்கி வந்து தள்ளுகிறார். என் மூக்கைப் பார்த்தார். என் காதோரம் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக் கீழே போட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"நல்லாத் தள்ளுலே" என்றார் என் காதருகே. "இருட்டுமுன்னால காருக்காரன் வீட்டுல கொண்டு விடணும். ஊருல தெரிஞ்ச ஆளுட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்தது..." பிறகு லேசாகச் சிரித்தார். "இது எங்க வீட்டுப் படப்பு."

அப்படித் தள்ளினேன் பாருங்கள்! கார் ஊர்க்கோடிப் பாலம்வரை நிற்கவில்லை.

போன வாரம் நான் போனது செல்லக்கனி அக்காவின் பேத்தி கல்யாணத்துக்குத்தான். கிளார்க் மாமா ரிட்டயராகி, வழுக்கையோடும் பூரிப்போடும் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் புது மாப்பிள்ளையிடம் சொன்னாள்: "இவன்தான் எங்க கல்யாணத்துக்கு முட்டுக் குடுத்தவன்." மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவும் வேண்டாம்.

எனக்கு அன்றிலிருந்து ஒரு பழக்கம். யார் வீட்டுப் படப்பு எவ்வளவு உயரமாக இருந்தாலும் கையை விட்டுப் பார்ப்பதில்லை – உள்ளே யாராவது முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள்!