பேனாவால் எழுதிய சீட்டுகள்

என் அத்தை சிலந்தி பிடிக்கும் உத்தியோகம் பார்த்தார் என்றால் இன்றும் யாரும் நம்புவதில்லை. அப்பாவின் தங்கை. சிலந்தி ஆராய்ச்சி செய்த ஒரு பேராசிரியரிடம் தற்காலிக வேலை; எங்களுக்கு அவர் 'சேர்'. பிலிமத்தலாவை, கலகெதர வயல்களில் ஓநாய்ச் சிலந்திகளைப் பிடித்து, ஸ்பிரிட் குப்பிகளில் போட்டு, இனம் பிரிக்க வேண்டும். வருஷ முடிவுக்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் கம்பளை ஊரில் கடை வைத்திருந்த ஒருவருக்கு அத்தை கழுத்தை நீட்ட வேண்டும் என்று அப்பா கெடு வைத்திருந்தார். கடைக்காரருக்கு நாற்பது தாண்டியிருந்தது; முதல் மனைவி இறந்து இரண்டு பிள்ளைகள். இதெல்லாம் பெரியவர்கள் பேச்சு, எனக்கு யாரும் சொல்லவில்லை.

கண்களின் வரிசையை வைத்து ஓநாய்ச் சிலந்தியைக் கண்டுபிடிக்கலாம். கீழே நான்கு சின்னது, மேலே இரண்டு பெரியது, பின்னால் இரண்டு. முட்டைப் பையை வாயில் கவ்வியிருந்தால் அது வேறு குடும்பம். ஓநாய்ச் சிலந்தி அதைப் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு அலையும். ஆனால் ஓநாய்ச் சிலந்திகளுக்குள்ளேயே வலை கட்டும் கூட்டமும் உண்டு, கட்டாத கூட்டமும் உண்டு. செத்த பிறகு என் கண்ணுக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எந்த வயல், வலையில் இருந்ததா, தரையில் ஓடியதா என்பதைக் குப்பிக்குள் கிடக்கும் சீட்டுதான் சொல்லும். அதற்கு நகல் கிடையாது.

ஒரு சனிக்கிழமை அத்தை காய்ச்சலில் படுத்துவிட்டார். குப்பிகளில் கசங்கிக் கிடந்த சீட்டுகளைப் பார்த்து, புதிதாக எழுதிப் போடும்படி என்னிடம் சொன்னார்.

"பென்சில்லதான் எழுதணும், என்ன?"

அந்த வருஷம்தான் வகுப்பில் எங்களைப் பேனா பிடிக்க விட்டிருந்தார்கள். இனிப் பென்சிலைத் தொட என் கௌரவம் இடம் கொடுக்குமா? புது நீலப் பேனாவால் நூற்றுச் சொச்சம் சீட்டுகளை முத்து முத்தாக எழுதிப் போட்டேன். பழையவற்றைக் குப்பை லொறியில் கொட்டினேன்.

திங்கட்கிழமை ஸ்பிரிட் எல்லாம் நீலம், சீட்டெல்லாம் வெள்ளை. அத்தை ஒவ்வொரு குப்பியாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் கதவோரம் அடிக்குக் காத்திருந்தேன். அடி விழவில்லை. பாவி, எனக்கு நிம்மதியாக இருந்தது.

சேர் வீட்டுக்கே வந்து, யார் எழுதியது என்று கேட்டார். அப்பாவும் அங்கே இருந்தார். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சேர். காய்ச்சல்ல பேனாவ எடுத்துட்டேன்."

ஒரு வருஷ வேலை போச்சே என்று மட்டும் சொல்லிவிட்டு சேர் போய்விட்டார். அப்பா மறுநாளே கம்பளைக்கு ஃபோன் எடுத்தார்.

தையில் கல்யாணம். தாலி ஏறும்போது அத்தை தேம்பித் தேம்பி அழுதார். கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தான் என்றார் பெரியம்மா. நானும் நம்பினேன். அத்தை கம்பளைக்குப் போனால் இனிச் சீட்டுப் பேச்சே வராது, தப்பித்தோம் என்று பந்தியில் இரண்டாவது தடவையும் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவளே நான்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.