பைப்பில் காது வைத்தவர்

மயிலம் ரோட்டில் நாங்கள் புது வீடு கட்டி முடித்ததும், பார்வையிட நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் டேப்பு, இடது காதில் மட்டும் செம்மண். அவர் கட்டட நிறைவுச் சான்றில் கையெழுத்துப் போட்டால்தான் எங்களுக்கு நிரந்தரக் கரண்டு. மழைநீர் சேகரிப்பு இல்லாமல் அவர் கையெழுத்துப் போட முடியாது.

நானா விடுவேன்? குழி வெட்டச் சோம்பல்பட்டு, மாடியிலிருந்து இறங்கும் பைப்பை மண்ணில் ஒரு சாண் நட்டு, சுற்றிலும் ஜல்லியைக் கொட்டி வைத்திருந்தேன். பெரிய மூளை!

அவர் ஜல்லியைப் பார்க்கவே இல்லை. "மேலேருந்து ரெண்டு குடம் தண்ணி ஊத்தச் சொல்லுங்க சார்" என்றார். என் மனைவி ஊற்றினாள். அவர் குனிந்து பைப்பில் காதை வைத்துக் கேட்டார். தண்ணீர் ஜல்லிக்கு மேலே பொங்கி என் செருப்பை நனைத்தது.

"வாய் இருக்குது, வயிறு எங்க சார்?"

"போட்டோ எடுத்துக்கினு போங்களேன். சர்க்காரு பைப்புதான கேக்குது?"

"தண்ணி உள்ள போவணும்னு கேக்குதுங்க. குழி வெட்டிட்டு சொல்லுங்க, ஜல்தியா வர்றேன்."

குரலில் கோபமே இல்லை. வெட்டினேன். சொன்னபடி வந்தார், காது வைத்தார், சிரித்தார், கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் பழக்கம்.

போன மழையில் குடையோடு போய் நானும் பைப்பில் காது வைத்தேன். தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்குச் சட்டமும் இருந்தது, கரண்டு ஆசையும் இருந்தது. அப்போதும் ஏமாற்றத்தானே பார்த்தேன்? அந்த மனுஷன் என்னை என்ன செய்தார் என்று யோசித்துக்கொண்டே உள்ளே வந்தேன்.

"என்னாங்க இது, காதுல செம்மண்ணு?" என்றாள் மனைவி.