ஒரு வீட்டுக்கு ஒரு முதல் பட்டதாரி

காமயகவுண்டன்பட்டியில் யாரிடம் கேட்டாலும் சுருளிவேல் மகள் பாண்டீஸ்வரி பி.காம். பெயிலான கதையைச் சொல்வார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, கடைசிப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டாள் என்பார்கள். ஊர் வாய்க்கு அவ்வளவு போதும். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள், இன்னொருவர் அவள் அப்பா.

சுருளிவேல் திராட்சைத் தோட்டங்களில் கொடிகளைக் கவாத்து வெட்டுகிறவர். பந்தலுக்கடியில் அண்ணாந்தே நின்று கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டவர். கெட்ட மனுஷர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருவதைக் கேட்டு நீங்கள் அவரைத் திட்டுவீர்கள். மகளைக் கல்லூரியில் சேர்த்தபோது, பொட்டப்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்ட பங்காளிகளிடம் மல்லுக்கு நின்றவர். மூன்று வருஷமும் காலை டவுன் பஸ்ஸுக்கு அவரே கூட்டிப்போய் ஏற்றிவிடுவார்.

பாண்டீஸ்வரி பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். முதல் செமஸ்டரில் இங்கிலீஷில் இருந்த கணக்கியல் புத்தகத்தைப் பிரித்துவைத்து அழுதிருக்கிறாள். அப்புறம் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். வரிகளை விட்டுவிட்டு, இந்த ரூபாய் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று மட்டும் தேடினாள். கணக்கு பிடிபட்டுவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்து நிற்கும்போது அவளுக்கு வருகிற சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. ஐந்து செமஸ்டரில் ஒரு அரியர் கிடையாது. பரீட்சைக்கு முதல் நாள் பையன்கள் அவளுடைய நோட்டுக்கு வரிசையில் நிற்பார்கள்.

ஆறாவது செமஸ்டர் நடக்கும்போது தம்பி மகிழன் பிளஸ் டூ. அவனுக்கு இன்ஜினியரிங் ஆசை. கவாத்து வேலையில் கூட நின்ற ஒருவர் சுருளிவேலிடம் ஒரு விஷயத்தைப் போட்டுவிட்டார். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்கு அரசாங்கம் கட்டணச் சலுகை தருகிறது, ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருந்தால் கிடையாது என்றார். சுருளிவேல் விரல் மடக்கி மாதங்களை எண்ணிப் பார்த்தார். மகளுக்குக் கடைசிப் பரீட்சை ஏப்ரலில், மகனுக்கு விண்ணப்பம் மே மாதம்.

வி.ஏ.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால், வீட்டில் யார் யார் படிக்கிறார்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், மகள் விவரத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும் என்று பயந்தார். ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற ஜனங்களுக்குத்தான் இந்தப் பயம் புரியும்.

ஒருநாள் காலையில், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொன்னார்.

“ஆத்தா, ஒரே ஒரு பேப்பரை விட்டுரு. தம்பிக்குச் சீட்டு கெடைக்கட்டும். நவம்பர்ல எழுதிக்கிரலாம்.”

“வேணும்னே பெயிலாகச் சொல்றீகளாப்பா?”

“பெயில்னு ஏன் சொல்ற? தள்ளிப் போடுறதுதேன்.”

“தம்பிக்குத் தெரியுமா?”

“அவனுக்கு எதுக்கு? தெரிஞ்சா சங்கடப்படுவான். உங்கம்மாகிட்டயும் மூச்சு விடாத. அவ வாய் நிக்காது.”

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அன்று முழுக்க அவளுக்கு அப்பா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தம்பி மேலும் வந்தது, பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அப்பா அவளிடம் கேட்டது இது ஒன்றுதான்.

விடுவதற்கு அவள் தேர்ந்தெடுத்தது மேலாண்மைக் கணக்கியல். தனக்கு ரொம்பப் பிடித்த பேப்பர். மற்றதை விட்டால் நவம்பரில் மறுபடி உருப்போட வேண்டும், இதை எப்போது எழுதினாலும் பாஸ் என்று கணக்குப் போட்டாள். பரீட்சைக்குப் போகாமலே இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்துபோகும். அதோடு, ஒரு தடவை முழுசாக எழுதிப் பார்க்க அவளுக்கு ஆசையாகவும் இருந்தது.

எழுதினாள். மூன்று மணி நேரத்தில் ஒரு கேள்வி பாக்கியில்லை. பதினைந்து மார்க் கணக்கு முதல் தடவையிலேயே டேலி ஆனது. கடைசிப் பத்து நிமிஷத்தில், முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் குறுக்கே கோடு போட்டாள். பிளஸ் டூவில் மார்க் குறையும் என்று பயந்த பிள்ளைகள் செய்கிற வேலை அது. அடித்த தாளைத் திருத்த மாட்டார்கள், அடுத்த தடவை புதிதாக எழுதிக்கொள்ளலாம். கண்காணிப்புக்கு நின்ற ஜெபமணி மிஸ் பதறிப்போய் ஓடி வந்தார்.

“ஏய், என்ன பண்ற? எல்லாம் சரியாத்தான எழுதியிருக்க?”

“இல்ல மிஸ், எல்லாம் தப்பாப் போச்சு.”

விடைகளை நானே அடித்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். வெளியே வந்து பஸ் ஏறினாள்.

மகிழனுக்குச் சலுகையோடு கோயம்புத்தூரில் சீட்டு கிடைத்தது. சுருளிவேல் குச்சனூர் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தார். நவம்பரும் வந்தது. பாண்டீஸ்வரி அரியருக்குப் பணம் கட்டப் போவதாகச் சொன்னாள்.

“பொறு ஆத்தா. வருசா வருசம் சரி பாக்குறாகளாம். அவன் முடிக்கிற வரைக்கும் நம்ம வீட்ல பட்டம்னு ஒண்ணு இருக்கக் கூடாதாம்.”

“யாரு சொன்னாக?”

“சொல்றாக.”

யார் சொன்னார்கள் என்பது அவருக்கே தெரியாது. அவள் கம்பத்தில் ஒரு உரக்கடையில் பில் போடுகிற வேலைக்குப் போனாள். சீக்கிரத்தில் ஜி.எஸ்.டி. கணக்கு முழுக்க அவள் கையில் வந்தது. ஆடிட்டர் ஆபீசிலிருந்து வருகிறவர், இந்தப் பிள்ளை தருகிற கணக்கில் பேனா வைக்க இடமில்லை என்பார். ஆனால் பட்டம் இல்லாததால் சம்பளம் பில் போடுகிற பெண்ணுக்கான சம்பளம்தான்.

படிப்பு முடிந்து இரண்டு வருஷம்தான் பல்கலைக்கழகம் தந்த அவகாசம். கடைசி வாய்ப்பு ஏப்ரலில் வந்தது. இதை விட்டால் அவ்வளவுதான் என்று அப்பாவிடம் சொன்னாள்.

“அதுக்காக அவன் படிப்பு பாதியில நிக்கணுமா?” என்று கேட்டார்.

அப்பாவுக்குத் தெரியாமல் போய் எழுதியிருக்கலாம். பஸ் ஏறினால் அரை மணி நேரம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண் மேல் கோபம் வருகிறது. பரீட்சையன்று அவள் கடையில் உட்கார்ந்து பூச்சிமருந்து டப்பாக்களுக்கு இருப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலையில் வி.ஏ.ஓ. ஆபீஸ் உதவியாளர் வீரபாண்டி கடைக்கு மருந்து வாங்க வந்தார். சொந்தக்காரர் வீட்டுக் கதை போலப் பாண்டீஸ்வரி அவரிடம் கேட்டாள்.

“அண்ணே, தம்பிக்கு எழுதிப் போடுறப்ப அக்கா கடைசிப் பரீட்சை எழுதி முடிச்சிருந்தா, சலுகை கெடைக்குமா?”

“ரிசல்ட்டு வந்துருச்சா?”

“ஜூன் கடைசிலதேன் வந்துச்சு. தம்பிக்கு மே மாசமே போட்டாச்சு.”

“பெறகென்ன தாயி? எழுதிப் போட்ட தேதிக்கு வீட்ல பட்டதாரி இருக்கக் கூடாது, அவ்வளவுதேன். அதுக்கப்புறம் அவ பாஸானா இவனுக்கு என்ன?”

அவர் பில்லை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பாண்டீஸ்வரி அடுத்த பில்லைப் போட்டாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும், கத்திவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தாள். வீட்டில் அவர் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இது தெரிந்தால் மனுஷர் ஒடிந்துபோவார் என்று தோன்றியது. சொல்லவில்லை.

ஆவணியில் குச்சனூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மகிழன் விடுமுறையில் வந்திருந்தான். மாப்பிள்ளையின் அப்பா நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

“பொண்ணு பி.காம். படிச்சதாச் சொன்னாக. முடிக்கலையோ?”

“படிச்சுச்சு. கடைசில விட்டுருச்சு” என்றார் சுருளிவேல். “என்னத்தச் சொல்ல? கணக்கு ஏறல அதுக்கு.”

“எங்கிட்டக் கேட்டுருந்தா சொல்லிக் குடுத்துருப்பேன்” என்று மகிழன் சிரித்தான். வந்தவர்களும் சிரித்தார்கள்.

பாண்டீஸ்வரி கதவிடுக்கில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொன்னால் அவருக்குப் பார்வை தரைக்குப் போய்விடும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்போது வந்தவர்களை நேராகப் பார்த்துக்கொண்டு, வருத்தமாகத் தலையசைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு மேலாகக் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜமாகிவிட்டது. தன் மகளுக்குக் கணக்கு வராது என்று அவர் நம்பினார்.