பிரிச்சுக்காட்டி

எங்கள் வண்டி சமையலறைக் குப்பையைத் தொடாது. தோட்டத்துச் சருகு, கிளை, வெட்டின புல், அவ்வளவுதான். நான் ஓட்டுவேன், பின்னால் ஏற்றுவது என்னோடு வேலை பார்க்கும் அக்கா. யார் மூட்டையை நீட்டினாலும் அவள் வாயில் ஒரே பேச்சு: "பிரிச்சுக் காட்டுங்க." தெருக்காரர்கள் அவளுக்குப் 'பிரிச்சுக்காட்டி' என்றே பட்டம் கட்டிவிட்டார்கள்.

சட்டம் எளிது. சருகைச் சாக்கில் போட வேண்டும், பிளாஸ்டிக் பை கூடாது. கிளையைக் கயிற்றால் கட்டலாம், கம்பி ஆகாது. முன்பொரு முறை யாரோ கட்டிவைத்த கம்பி, கிளைகளைத் தூளாக்கும் அரவை இயந்திரத்தில் சிக்கி, அறுந்து தெறித்து என் கன்னத்தைக் கிழித்தது. கண் தப்பியது மயிரிழையில். தையல் போட்டு முடியும்வரை என் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தவள் அக்காதான். அதன்பிறகு அவளிடம் தயவு தாட்சண்யம் எதுவும் செல்லாது.

அப்படிப்பட்டவளின் தங்கை, நாங்கள் போகும் தெருவிலேயே குடிவந்தாள். முதல் வாரமே வாசலில் கறுப்புப் பிளாஸ்டிக் பைகள். பக்கத்தில் கம்பி சுற்றிய கிளைக்கட்டு. அம்மா போனபின் அக்கா இடுப்பிலேயே வளர்ந்த தங்கை அவள்.

"பிரிச்சுக் காட்டு," என்றாள் அக்கா.

"விளையாடாதக்கா. ஏத்து."

"கம்பி இருக்குடி. எடுக்க மாட்டேன்."

"நீ குப்பையைப் பிரிக்க வந்தியா, குடும்பத்தைப் பிரிக்க வந்தியா? இனிமே என் வாசப்படி மிதிக்காத!"

தங்கை கதவைப் படாரென்று சாத்தினாள்.

"இந்த ஒரு தடவை எடுத்திருக்கலாமேக்கா," என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

"உன் கன்னத்தைக் கண்ணாடியில பாத்துட்டுப் பேசு." அழுதுகொண்டேதான் சொன்னாள். நான் வண்டியை எடுத்தேன்.

வேலை முடிந்ததும் சாக்கும் கயிறும் வாங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பப் போனாள். ரோஷக்காரி, படியை மிதிக்கவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்து கம்பியை அவிழ்க்கத் தொடங்கினாள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. தங்கை வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள்.

மறுவாரம் வாசலில் தங்கையே நின்றாள். புதுச் சாக்கு, இறுக்கிய கயிறு, எல்லாம் கச்சிதம்.

"எல்லாம் நானே கட்டினது. உன் தங்கச்சியை நம்ப மாட்டியா?"

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தங்கையின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளினாள்.

"நம்பறேன்டி ராசாத்தி," என்றாள். "பிரிச்சுக் காட்டு."