அவள் தைத்த கார்ப்பெட்

கோணி ஊசி என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் யாரென்று தெரிந்திருந்தால் அவனை அவள் சும்மா விட்டிருக்க மாட்டாள். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் அக்கா, முதுகைத் திருப்பினால் கோணி ஊசி. இருபத்தெட்டு வருடமாகக் கார்களுக்கு சீட் கவரும் கார்ப்பெட்டும் தைக்கிறவளுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான் என்று அவள் புருஷனே ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டு, மூன்று நாள் தானே சமைத்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்த மனுஷன் யோசித்துத்தான் வாயைத் திறப்பார்.

கோபம் அவளுக்கு மூக்கின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். ரெக்சின் கடைக்காரன் அரை சாண் குறைத்து வெட்டினால் போதும், தெருமுனைவரை கேட்கும். "என்னை என்ன காது குத்திக்க வந்தவள்னு நினைச்சியா?" என்று ஆரம்பித்தால், அவன் ஒரு சாண் கூடவே வெட்டிக் கொடுத்துக் கும்பிட்டு அனுப்புவான். தன்னை ஒருத்தரும் ஏமாற்றியதில்லை என்பது அவளுடைய பெரிய பெருமை. நகை போட்டுக்கொள்கிறவர்கள் நகையைக் காட்டுவார்கள், இவள் இதைக் காட்டுவாள்.

ஆயிரம் கார்களுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் பட்டறை வாசலில் நிற்கிற கார்கள். முட்டி போட்டு, முதுகு வளைத்து, வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு தைப்பாள், இறங்குவாள், கார் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போகும். இது ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் போய் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சொல்லிக் கொடுக்க வந்தவரைத்தான் அவள் பாதி நேரம் திட்டினாள் என்பது வேறு விஷயம். கற்றுக்கொண்ட கையோடு ஒரு காரும் வாங்கினாள். பழைய மாடல், நாற்பது வயது, வெண்ணெய் நிறம், முன்விளக்கு இரண்டும் உருண்டையாக முழித்துக்கொண்டு நிற்கும்.

விற்றவன் மினுக்கு. அதுவும் பட்டப்பெயர்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய கார்களை வாங்கி, தேய்த்து மினுக்கி விற்கிறவன். இருபது வருடமாக அவளுக்கு வேலை கொடுக்கிறவனும் அவன்தான். கார் ஒன்று வந்தால் பழைய கார்ப்பெட்டை உருவி அவளிடம் அனுப்புவான். அவள் அதை அளவாக வைத்துப் புதியதை வெட்டி, ஓரம் தைத்துத் திருப்பி அனுப்புவாள். காருக்குள் விரித்து ஒட்டுவது அவனுடைய ஆட்கள் வேலை. தம்பி, அக்கா என்றுதான் பேச்செல்லாம்.

வாங்கப் போன அன்று அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தாள். எதைப் பார்த்தாள் என்று கேளுங்கள். சீட்டைப் பார்த்தாள். கம்பெனித் தையல் பிரியவில்லை, ஸ்பிரிங் அமுங்கவில்லை, கதவுத் துணி சுருங்கவில்லை. கீழே குனிந்தாள். கருநீலக் கார்ப்பெட், ஓரத்தில் இரட்டைத் தையல், மூலையில் அவள் மட்டுமே போடுகிற முடிச்சு. தன் கை வேலையைக் கண்டதும் அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"தகர வேலை பாக்கற டிங்கரைக் கூட்டிட்டு வந்து அடியில பாக்கச் சொல்லலாமே" என்றார் புருஷன். யோசித்துத்தான் சொன்னார் பாவம்.

"நான் தைச்ச கார்ப்பெட் போட்ட வண்டிக்கு டிங்கர் எதுக்குங்க?" என்று அவர் வாயை அடைத்தாள்.

ஐந்து வாரம் ராணி மாதிரி ஓட்டினாள். பிறகு நல்ல மழை ஒன்று பெய்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிய புருஷன் வாசலில் நின்று சாக்ஸைப் பிழிந்தார். சொட்டியது.

"கண்ணாடி சாத்தலையா?"

"சாத்தித்தான் இருந்துச்சு. தண்ணி கீழேருந்து வருதும்மா."

கீழேயிருந்து எப்படி வரும் என்று அவரை ஒரு பாட்டு பாடிவிட்டுத்தான் அவள் உள்ளே தலையை விட்டாள். ஈரக் கம்பளி நாற்றம். பட்டறையிலிருந்து பிளேடை எடுத்து வந்து கார்ப்பெட்டின் மூலையைக் கிளப்பினாள். அதற்கடியில் தடித்த ஃபெல்ட், அழுத்திய கம்பளித் துணி, தண்ணீரைக் குடித்து ஊதிப்போயிருந்தது. அதற்கடியில் தார் ஷீட். அதை உரித்தால், கறுப்புப் பெயின்ட் அடித்த பட்டி, காரின் வெளிப்புறத்தில் நெளிவு தெரியாமலிருக்கப் பூசுவார்களே, அந்தப் பட்டி. தரையில் ஒரு முழ நீளத்துக்குப் பூசி வைத்திருந்தான். பட்டியைக் கட்டை விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று. சுற்றிலும் செங்கல் நிறத்தில் துரு, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓட்டை வழியாக வாசல் தரை தெரிந்தது, அதில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. வேறொன்று ஞாபகம் வந்தது. சீட்டைத் தரையோடு பிடித்துக்கொண்டிருப்பது நான்கு போல்ட். அது அவளைவிட யாருக்குத் தெரியும்? புருஷன் உட்காரும் சீட்டின் பின்காலைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். போல்ட் கையோடு வந்தது. அதோடு உள்ளங்கை அகலத்துக்குத் தரையும் பெயர்ந்து வந்தது, நனைந்த அட்டை கிழிகிற மாதிரி.

புருஷன் அதையும் அவளையும் பார்த்தார். "நான் இது மேலயா உக்காந்திருந்தேன்?"

"நேத்து எழுபதுல போனோம்" என்றாள். குரல் நடுங்கியது. அந்த நடுக்கம்தான் அப்புறம் கோபமாக மாறியது.

போல்ட்டையும் துருத்துண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, வாசலில் காரை வைத்துக்கொண்டே பஸ் ஏறி மினுக்கிடம் போனாள். இருபது வருடப் பழக்கம், அவன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், பிள்ளை பிறந்தபோது மெத்தை தைத்துக் கொடுத்திருக்கிறாள். அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

மினுக்கு கண்ணாடி அறைக்குள் இருந்தான். சுவரில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. மேஜைமேல் வருகிறவர்களுக்கு மிட்டாய். அவள் பையைத் திறந்து மிட்டாய்த் தட்டின்மேல் கவிழ்த்தாள். துரு மேஜையெல்லாம் சிதறியது.

"இது என்னன்னு தெரியுதா? என் வீட்டுக்காரர் உக்கார்ற இடம். அவரு நடு ரோட்ல விழுந்து செத்திருந்தா மாலையோட வந்திருப்பேல்ல? கூடப் பிறந்தவனாட்டம் அக்கா அக்கான்னு வாய் நிறையக் கூப்பிட்டு என் தலையிலயே மொளகா அரைச்சியேடா. வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

இன்னும் நிறையச் சொன்னாள். அவன் மூதாதையரில் ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. வெளியே கார் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் மினுக்கு பேசினான். அவன் முகத்தில் திருட்டு முழி இல்லை. உண்மையாகவே குழம்பியிருந்தான், அதுதான் கொடுமை.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

"என்ன தெரியும்?"

"அடியில இப்படித்தான் இருக்கும்னு. தெரிஞ்சுதான் வாங்கறீங்க, வீட்டுப் பக்கமா மெதுவா ஓட்டுவீங்கன்னு நினைச்சேன். அதான் விலையும் பாத்துப் போட்டேன்."

"எனக்கு எப்படிடா தெரியும்? நான் என்ன அடியில படுத்தா பாத்தேன்?"

"வர்ற வண்டிக்கெல்லாம் புதுக் கார்ப்பெட் எதுக்குக்கா? நல்ல தரையா இருந்தா பழசையே அலசிப் போட்டுருப்பேனே. உருவி அனுப்புற கார்ப்பெட்டெல்லாம் உங்ககிட்டதானே வருது. அடிப்பக்கம் துரு அப்பிக்கிட்டுத்தானே இருக்கும்? நீங்க பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் வாசலில் போட்டுத் துடைப்பக்கட்டையால் அடித்து, பறக்கிற செம்மண் நிறத் தூளைப் பெருக்கித் தள்ளியிருக்கிறாள். சனியன், துணியெல்லாம் கறையாகிறது என்று திட்டியிருக்கிறாள். அது எங்கேயிருந்து வருகிறதென்று ஒரு நாளாவது கேட்டாளா?

"ஃபெல்ட் போடச் சொன்னதே நீங்கதானேக்கா" என்றான் அவன், சமாதானமாக. "கால் வச்சா டொக்கு டொக்குன்னு சத்தம் வருது, வாங்க வர்றவங்க கேக்கறாங்கன்னு சொன்னேன். கால் படுற இடத்துல தடியா ஒரு ஃபெல்ட் வச்சுத் தைச்சுடறேன் தம்பி, சத்தமே வராதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் கேக்கல."

சொன்னாள்தான். எட்டு வருடம் இருக்கும். அந்த யோசனை தனக்கு வந்ததை அன்று ராத்திரி புருஷனிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ளவும் செய்தாள். உள்ளே ஒன்றுமில்லாததால்தானே அந்தச் சத்தம் வருகிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியாதா? வேலை வந்துகொண்டிருந்தது, கேட்கவில்லை. ரெக்சின் கடைக்காரனிடம் அரை சாணுக்கு அந்த ஆட்டம் ஆடியவள், இங்கே இருபது வருடம் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்கக்கா, நமக்குள்ள என்ன. வண்டிய நானே எடுத்துக்கறேன். குடுத்ததை அப்படியே வாங்கிக்குங்க" என்றான் மினுக்கு. "கார்ப்பெட்டக் கிழிச்சிட்டீங்களா? பரவால்ல. புதுசா ஒண்ணு தைச்சுக் குடுத்துடுங்க, போதும்."

"தைச்சு?"

"விரிச்சு வித்துடுவோம்."

"யாருக்கு?"

"யாராவது வருவாங்கக்கா. பாத்து நல்ல ஆளா, பக்குவமா ஓட்டறவங்களா..."

"அந்த வண்டி என் வாசல்லயே நின்னு மக்கி மண்ணாப் போகட்டும்" என்றாள் அவள். "உனக்குத் தர மாட்டேன். உன் பணமும் எனக்கு வேண்டாம். இனிமே ஒரு கிழிஞ்ச துணிகூட என் பட்டறைக்கு அனுப்பாத."

வெளியே வந்தபோது, விற்பனைக்கு நின்ற ஒன்பது கார்களும் அவளைப் பார்த்து முழித்தன. கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். பழுப்பு, சாம்பல், கருநீலம், எல்லாவற்றின் மூலையிலும் அவள் முடிச்சு. ஒரு கல்லை எடுத்து ஒன்பதையும் உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. யார்மேல் ஆத்திரம் என்றுதான் அவளுக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் உதடு அசையவில்லை. ஆட்கள்தான் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். மினுக்கிடம் பச்சைக் கார் வாங்கின மருந்துக்கடைக்காரர். அடுத்த தெருதான், போன வருடம் வழியில் நிறுத்தி, உங்க கார்ப்பெட் பிரமாதம் அக்கா என்று சொன்னார். மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில்தான் மாமியார் வீட்டுக்குப் போய் வருவார். பிள்ளைகள் பின்சீட்டில் நின்று கையாட்டிக்கொண்டு போவார்கள்.

வீட்டுக்குள் போகவில்லை. பட்டறையில் பிளேடையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னான்? எங்க போற?" என்றார் புருஷன்.

"வந்து சொல்றேங்க."

மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் பச்சைக் கார் அப்போதுதான் கழுவி நின்றது. பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள், எங்கேயோ கிளம்புகிறார்கள். "வாங்கக்கா" என்று அவர் பெருமையாகக் கதவைத் திறந்து காட்டினார். "பாருங்க, ஒரு நூல் பிரியல."

"பிள்ளைங்கள ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் என்ன ஏதென்று கேட்பதற்குள் முட்டி போட்டாள். பின்சீட்டுக்கு முன்னால் தன் முடிச்சிலேயே பிளேடை வைத்து இழுத்தாள். அவர் "ஐயையோ, என்னக்கா பண்றீங்க" என்று தோளைப் பிடித்தார். அவள் உதறிவிட்டு ஃபெல்ட்டைக் கிழித்தாள், தார் ஷீட்டை உரித்தாள். திருப்புளியை வைத்து அழுத்தினாள். கைப்பிடிவரை இறங்கியது.

அவர் குனிந்து ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்தார். பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் ஓட்டையைப் பார்த்தார்.

"உள்ள இப்படி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மூடியது நானேதான் என்றாள். துருத்தூளைப் பெருக்கித் தள்ளியதை, ஃபெல்ட் யோசனையை, கேட்காமலே இருந்ததை, ஒன்றும் விடாமல் சொன்னாள்.

அவர் திட்ட ஆரம்பித்தார். தன்மையான மனுஷர், திட்டத் தெரியாமல் திட்டினார். வார்த்தை கிடைக்காமல் திணறி, சொன்னதையே திருப்பிச் சொல்லி, கடைசியில் குரல் உடைந்து, "எம் பிள்ளைங்க, எம் பிள்ளைங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் ஆள் கூடிவிட்டது. கோணி ஊசி இப்போது திருப்பிக் கொடுப்பாள் பார் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கையில் பிளேடோடு, தலையைத் தூக்காமல், அவர் முடிக்கிறவரைக்கும் நின்று கேட்டுக்கொண்டாள்.