‘ஓ... ஓ...’ என்றால் நிற்காத வண்டி

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களே, ஒருநாள் அந்த இடது சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். எழுபதுகளில் அம்பத்தூரில் எங்கள் டிரைவிங் பள்ளிக்கு ஒரே கார், அதில் ஒரே பிரேக். அதுவும் கற்றுக்கொள்பவன் காலடியில்! என் பக்கம் இருந்தது குலதெய்வம் மட்டும்தான்.

ஒப்பித்தான்

திருமுல்லைவாயில் முனுசாமி, மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். பிறகு கம்பெனியில் மூட்டை தூக்கி முதுகு போய்விட்டது. லைசென்ஸ் வாங்கினால் வேன் ஓட்டலாம், இல்லாவிட்டால் வேலையே கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். பாவம், இரண்டே நாளில் எல்லாவற்றையும் ஒப்பித்தான். “எதுனா குறுக்க வந்தா பிரேக்கு. அவ்ளோதான? கத்துக்கினேன் அண்ணாத்தே, ரோட்டுக்குப் போலாம் வா!”

எருமை

ஆவடி ரோட்டில் ஓர் எருமை குறுக்கே வந்தது. இவன் என்ன செய்தான் தெரியுமா? ஸ்டியரிங்கை மாட்டுக் கயிறு மாதிரி நெஞ்சுக்கு இழுத்துப் பின்னால் சாய்ந்து, “ஓ... ஓ...” என்றான். மாடு நிற்கும், கார் நிற்குமா? சாய்ந்ததில் ஆக்சிலரேட்டர் இன்னும் அழுந்தியது. பிரேக் இல்லாத என் பக்கத்தில் வெறும் தகரத்தை மிதித்து மிதித்து அலறினேன். எருமைதான் புத்தியோடு ஒதுங்கியது. கார் மண்மேட்டில் ஏறி அணைந்தது. முனுசாமி முகத்தில் ரத்தமே இல்லை.

“பிரேக்குன்னு எனுக்குத் தெரியும் அண்ணாத்தே. காலுக்குத் தெரியல.”

டவுன் பஸ்

மறுநாளிலிருந்து காலி மைதானத்தில் அவனை ஓட்டவிட்டு, நினைத்த நேரத்தில் “எருமை!” என்று கத்தினேன். அவன் தேறினானோ இல்லையோ, ஒவ்வொரு கத்தலுக்கும் என் கால் தகரத்தை மிதித்தது. அந்த வாரம் பஸ்ஸில் போகும்போது முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கிட்டது. என் வலது கால் தானாக ஓங்கி மிதித்தது, பக்கத்து ஆளின் பாதத்தை.

“யோவ், பஸ்ஸ நீயா ஓட்டுற? இன்னாத்துக்குய்யா என் கால மிதிக்கிற?”

பிரேக் இன்ஸ்பெக்டர்

லைசென்ஸ் பரீட்சை. முனுசாமி பக்கத்தில் இன்ஸ்பெக்டர், பின் சீட்டில் நான். ஒரு குழந்தை கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு நேரே காருக்கு முன் ஓடிவந்தது. ஐயோ! கண்ணை மூடிக்கொண்டேன். “ஓ... ஓ...” காதில் விழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் கார் நின்றுவிட்டது. குழந்தை பம்பரைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. முனுசாமியின் கால் பிரேக்கின்மேல் விறைத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பாஸ் என்றார். அப்புறம், “அது இன்னாய்யா சத்தம்?” என்று கேட்டார்.

“வாயி இன்னும் மாட்டுவண்டிலதான் கீது சார். காலு கத்துக்கிச்சு.”

கற்றல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை; ஆனால் என் காலும் கற்றுக்கொண்டுவிட்டதால், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தயவுசெய்து பாதத்தை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.