ரேடியேட்டருக்குக் கட்டிய கொசுவலை

என் லாரியின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால், ஒரு பச்சைக் கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறேன். கச்சிராயபாளையம் டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் யாராவது ஒருவர் கேட்பார். "இன்னாங்க, இன்ஜினுக்கும் டெங்கு வந்துடுமா?" நான் சிரித்துவிட்டு, கிளாஸை வைத்துவிட்டு வந்துவிடுவேன். நாலு பேர் முன்னால் பதில் சொல்ல எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் வரவில்லை, இந்த ஐம்பது வயதிலும் வரவில்லை. அந்த வலையைக் கட்ட நேர்ந்த கதையைச் சொன்னால், ஒரு மனிதரின் வேலையை நான் பறித்த கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி, சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் இறக்குவது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் டிரைவரும். அவர் களமருதூர்க்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். கேலி செய்யத் தோன்றினால் மொதலாளி என்பார். மலைக்கு அவர், கீழே நான் என்று வைத்திருந்தோம். உரமும் சிமென்டும் ஏற்றிக்கொண்டு அவர் மேலே போவார், கிழங்கோடு இறங்குவார். கச்சிராயபாளையத்தில் அவர் இறங்கிக்கொள்ள, நான் ஏறி ஆலைக்கு ஓட்டுவேன். எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் மலைக்காரர்களிடம் பேசிக் கிழங்கு பிடிக்க அவரால்தான் முடியும். பதினோரு வருஷம் இப்படியே ஓடியது.

ஏற்றத்தில் வண்டி சூடாக ஆரம்பித்தது கடைசி இரண்டு வருஷமாகத்தான். ஒரு மழைக்காலத்தில் இன்ஜின் தலைக்கு அடியில் வைக்கும் ஹெட் கேஸ்கெட் அட்டையே போய்விட்டது. கள்ளக்குறிச்சியில் எங்கள் வண்டியைப் பார்க்கும் பட்டறைக்காரரை நாங்கள் பாய் என்போம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தரம் கொதிச்சா ஹெட்டு வளைஞ்சிடும். அப்புறம் என்கிட்ட கொண்டாராதீங்க, நேரா பழைய இரும்புக் கடைக்கு ஓட்டுங்க."

அந்தக் கார்த்திகையில் எல்லாவற்றையும் மாற்றினோம். பழைய ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்து, பாதிக் குழாய்கள் அடைந்திருந்தன. அதை எடுத்துவிட்டுப் பெரியதாக, நாலு வரிசைக் குழாய் உள்ளதைப் போட்டார் பாய். அதன் தகடுகள் பேன்சீப்புப் பல்போல நெருக்கமாக இருந்தன. விசிறியைச் சுற்றிக் காற்று சிதறாமல் இருக்க ஒரு வளையம் வைத்தார். சூட்டைப் பார்த்துத் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை முன்பு எவரோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். அதையும் புதிதாக வைத்தார். கடைசியில், தண்ணீருக்குப் பதிலாகச் சூட்டைத் தணிக்கும் பச்சை நிறக் கூலன்ட் ஊற்றினார்.

"இனிமே வெறும் தண்ணி ஊத்தக் கூடாது" என்று அண்ணனைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட இம்மாம் சாமான் எறக்கல பாய். இது மாப்பிள்ளை மாதிரி மொறச்சிக்கினு நிக்குது" என்றார் அண்ணன்.

மார்கழி முழுக்க வண்டி நன்றாக ஓடியது. முதல் நடையில் அண்ணன் வெள்ளிமலையிலிருந்து போன் செய்தார். "சூட்டு மீட்டர் முள்ளு பாதிக்கு மேல அசையல தம்பி. செத்துப்போச்சான்னு தட்டிப் பாத்தேன்." அன்றைக்கு நான் யாரோடும் பேசாமலே சந்தோஷமாக இருந்தேன்.

தையில் மறுபடியும் முள் சிவப்புக்குப் போனது. முதல் தரம் அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. இரண்டாம் தரம் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் தரம் வண்டியைப் பாயிடம் கொண்டுபோனோம். அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"பச்சை எங்க போச்சு? ஓடைத் தண்ணி ஊத்தியிருக்காரு."

"சூடாச்சு, ஊத்தினேன். நடுமலையில வேற இன்னா பண்றது, எச்சி துப்பறதா?" என்றார் அண்ணன்.

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் மனதில் அது தலைகீழாகப் பதிந்தது. தண்ணீர் ஊற்றினார், அதனால் சூடானது என்று எடுத்துக்கொண்டேன். எது முன்னால் நடந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்டால் அவர் கோபப்படுவார், பட்டறையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். இத்தனை செய்தும் இந்த மனிதருக்கு அக்கறை இல்லையே என்று உள்ளேயே வைத்துக் கொதித்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் வருவதற்கு முன்பே பட்டறைக்குப் போனேன். "நாளைலேர்ந்து வேணாம்னு அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க பாய்" என்றேன்.

பாய் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நானா? பதினோரு வருஷம் ஓட்டினவருங்க. நீங்க சொல்ல மாட்டீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டுச் சரி என்றார்.

அண்ணனிடம் பாய் சொன்னபோது நான் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டயர் பார்ப்பதுபோல குனிந்திருந்தேன். எல்லாம் கேட்டது.

"அவரே சொன்னாரா?"

"ஆமாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் இன்னா கடிச்சிடவா போறேன்?"

பிறகு கேபின் கதவு திறந்து மூடும் சத்தம். அண்ணன் சாவியைப் பட்டறை ஆணியில் மாட்டினார். சீட்டில் விரித்திருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தண்ணீர்க் கேன்கள் இரண்டையும் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நான் நிற்பது அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். வண்டியின் பின்பக்கம் அவர் வரவில்லை.

அதற்கப்புறம் மலைக்கு நானே போனேன். வளைவுகளில் ஊர்ந்தே ஏறினேன். பாதி மலை தாண்டி ஒரு சிற்றூரில், ரோட்டின் குறுக்கே கொள்ளுச் செடியைப் பரப்பிக் காயப் போட்டிருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறினால் காய் உடைந்து கொள்ளு பிரிந்துவிடும். கீழேயும் உளுந்து, எள்ளை இப்படித்தான் போடுவார்கள். ஏறிக் கடந்து போய்விடுவோம். நானும் அப்படிக் கடந்தேன். ஒரு பெண் ஓடிவந்து கையைக் காட்டினாள்.

"இன்னா அண்ணா, ஒரு தரம்தானா? பெரிய அண்ணன் வரலியா? அவரு முன்னாடியும் பின்னாடியும் நாலு நடை போவாரு."

நான் தலையை ஆட்டினேன்.

"ஒனக்குப் பின்னாடி போக வராதா?" என்றாள். ஓரமாக நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

வராது என்றும் சொல்ல முடியவில்லை, மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. பின்னால் போனேன், முன்னால் வந்தேன். நாலு நடை. காய் படபடவென்று வெடித்தது. தோலும் சருகுமான பொட்டும் தூசியும் கண்ணாடி வரைக்கும் எழும்பின. அந்தப் பெண் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தைச் சீட்டில் வைத்துவிட்டு, "அவருக்கும் கொடு" என்றாள். அவர் கிழங்கு பிடித்த விதம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டு வளைவு தாண்டியதும் முள் சிவப்பைத் தொட்டது.

நிறுத்தி, ஆறவிட்டு, முன்பக்கத் தகட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரேடியேட்டரின் முகமே தெரியவில்லை. கொள்ளுப்பொட்டு கம்பளிபோல மூடிக்கிடந்தது. குச்சியால் நெம்பினால் அடை அடையாகப் பெயர்ந்து வந்தது. மேல் அடை அன்றைக்கு விழுந்தது. அடியில் இருந்ததெல்லாம் கறுத்து, பழையதாக இருந்தது. பழைய ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே இடைவெளி அதிகம். பொட்டு உள்ளே நுழைந்து பின்னால் போய்விடும். புதியதின் நெருக்கத்தில் அது சிக்கிக்கொண்டது. பாய் வைத்த வளையத்தால் விசிறி இன்னும் பலமாக இழுத்தது. நாங்கள் நல்லதாக மாற்ற மாற்ற, வண்டி அதிகமாகத் தூசியைக் குடித்திருக்கிறது. முதலில் சூடு, அதற்கப்புறம்தான் ஓடைத்தண்ணீர். அவர் சொன்னது அதுதான்.

பாயிடம் சொன்னபோது நெற்றியில் அடித்துக்கொண்டார். "மூடியைத்தான் திறந்து பாத்தேன், மூஞ்சியைப் பாக்கலியே." கொசுவலை கட்டச் சொன்னது அவர்தான். ஒவ்வொரு நடைக்கும் அவிழ்த்து உதறினால் போதும் என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

களமருதூருக்குப் பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் யாரோ ஒருவரின் டிராக்டரில் வைக்கோல் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீழே இறங்கி, பாட்டிலில் இருந்த தண்ணீரை நீட்டினார்.

"வண்டி எப்படி இருக்குது?"

"இப்ப சூடாகறதில்ல அண்ணே."

அவர் தோள் துண்டில் கையைத் துடைத்தார். "அப்ப என் கைதான் சரியில்ல போலருக்குது. வயசாயிடுச்சு."

"அதில்ல அண்ணே" என்று ஆரம்பித்துக் கொள்ளுப்பொட்டையும் வலையையும் சொல்லி முடித்தேன். சொல்லும்போதே தெரிந்தது, இதுவும் அவர் தலையில்தான் விழுகிறது என்று. நாலு நடை போனது அவர்தானே. அவர்மேல் போட்ட பழியை எடுக்க வந்தவன், ஆதாரத்தோடு திரும்ப அவரிடமே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"பார்றா, நானே அடச்சி வச்சிருக்கிறேன்" என்று சிரித்தார்.

அன்றைக்கு லாரிக்குப் பின்னால் நின்றேன் என்பதை நான் சொல்லவில்லை. பஸ்ஸில் அடுக்கியதில் அது இல்லவே இல்லை. "திரும்ப வாங்க அண்ணே" என்று மட்டும் ஒருவழியாகச் சொன்னேன்.

அவர் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார். "இதுக்கா மொதலாளி இம்மாம் தூரம் வந்தீங்க? பாய்கிட்ட சொல்லி அனுப்பியிருந்தா போதுமே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டிராக்டர் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்து, பஸ் நிற்கும் இடத்தைக் கையால் காட்டினார்.

இந்தத் தையிலும் அந்த ஊரில் கொள்ளு பரப்பியிருக்கிறார்கள். நான் நாலு நடை போகிறேன். பிறகு ஓடைப் பாலத்தில் நிறுத்தி, வலையை அவிழ்த்து அலசிக் கட்டுகிறேன். முள் அசைவதில்லை. அந்தப் பெண் மட்டும் விடாமல் கேட்கிறாள், பெரிய அண்ணன் வரலியா என்று.

"அடுத்த நடை வருவாரு" என்கிறேன்.